யாருடைய பேரேடு?
உத்தமபாளையத்திலிருந்து பி.காம். பாடத்திட்டம் குறித்துச் சில குறிப்புகள்

1

உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை. பி.காம். முதலாண்டின் முதல் வாரத்தில் இந்த விதியைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டேவிடுவான்: "சார், வர்றதுதான வரவு? வர்றதப் போயி பத்துனு எழுதச் சொல்றீங்களே?" ஆசிரியர்களாகிய நாங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில்: "அது அப்படித்தான்ப்பா, மனப்பாடம் பண்ணிக்க." நானும் பல வருடங்கள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பையனின் கேள்வி முட்டாள்தனமானதல்ல என்பதை எனக்கு விளங்கவைத்தது எந்தப் பாடநூலும் அல்ல, எங்கம்மா. உத்தமபாளையத்தில் நாங்கள் சாமான் வாங்கிய மளிகைக் கடையில் எங்களுக்கென்று ஒரு பற்று நோட்டு இருந்தது. அரிசி, எண்ணெய் வாங்கினால் பற்று. சனிக்கிழமை கூலிக்காசிலிருந்து கொஞ்சம் கொடுத்தால் வரவு. கல்லூரியில் சேர்ந்த புதிதில் நான் அந்த நோட்டைப் புரட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னார்: "நாங் குடுத்த காசு எனக்குச் செலவு. அவுக நோட்டுல அது வரவுன்னு இருக்கு. நோட்டு அவுக நோட்டுதானய்யா."

விஷயம் இதில் அடங்கிவிட்டது. பற்று, வரவு என்ற சொற்கள் நடுநிலையான கணிதக் குறிகள் அல்ல. கடைக்காரருக்கு எதிரே நிற்கும் ஆளை ஏட்டில் எழுதும் சொற்கள் அவை. வாங்கினவன் பற்றாளி, கொடுத்தவன் வரவாளி. கல்லாப்பெட்டியையும் ஓர் ஆளாகப் பாவித்தால், காசை வாங்கிக்கொண்ட கல்லா முதலாளிக்குக் கடன்பட்டதாகிறது. எனவே உள்ளே வருவது பற்று. தர்க்கம் பிசகவில்லை. ஆனால் இந்தத் தர்க்கத்துக்கு ஓர் இருக்கை உண்டு. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தவருக்கே அது இயல்பாகத் தெரியும். பாடத்திட்டம் என்பது மாணவரை எந்த இருக்கையில் உட்கார வைப்பது என்று தீர்மானிக்கும் ஆவணம்.

2

இந்த இருக்கை எப்படி வந்தது?

இரட்டைப் பதிவு முறையை அச்சில் முதலில் விவரித்தவர் லூக்கா பசியோலி, வெனிஸ், 1494. முதலாளியமும் இரட்டைப் பதிவும் வடிவமும் உள்ளடக்கமும் போலப் பிரிக்க முடியாதவை என்று வாதிட்டவர் வெர்னர் சோம்பார்ட். பாடநூல்களின் முன்னுரை பெரும்பாலும் பசியோலியோடு ஆரம்பித்துப் பசியோலியோடு முடிந்துவிடுகிறது. காரி நாயனாரின் 'கணக்கதிகாரம்', திண்ணைப் பள்ளிகளின் எண்சுவடி, நகரத்தார் கடைகளின் பேரேடும் ஐந்தொகையும் அங்கு இடம்பெறுவதில்லை. இதைச் சொல்லி 'நம் பழம்பெருமை' பேசுவது என் நோக்கமல்ல. அந்தக் கணக்கறிவும் எல்லோருடையதாகவும் இருந்ததில்லை. ஊர்க் கணக்கு பரம்பரை உத்தியோகம். கணக்குப்பிள்ளை மகன் கணக்குப்பிள்ளை. தமிழ்நாட்டில் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டு, தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் ஏற்படும்வரை நடைமுறையில் பெரும்பாலும் இதுதான் நிலை. நிலம் யாருடையது, தீர்வை எவ்வளவு என்பதை யார் எழுதுவது என்பது சாதியால் முடிவாகியிருந்தது.

நவீன வணிகக் கல்வி இதை உடைத்ததா? ஒரு பகுதி உடைத்தது, ஒரு பகுதி வேறு உருவில் தொடர்ந்தது. 1886இல் சென்னையில் பச்சையப்பன் அறக்கட்டளையினர் தொடங்கிய வணிகப் பள்ளியை இந்தியாவின் முதல் வணிகப் பள்ளியாகக் கல்வி வரலாறுகள் குறிப்பிடுகின்றன. அன்றைய தேவை குமாஸ்தா. 1913இல் பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரி வந்தது. அதே 1913இல் இந்தியக் கம்பெனிகள் சட்டமும் வந்தது. கம்பெனி பெருகினால் தணிக்கையாளர் வேண்டும். 1918இல் கணக்கியலுக்கான அரசு டிப்ளமா, 1949இல் பட்டயக் கணக்காளர் சட்டம். ஆக, முதலில் குமாஸ்தா, பிறகு தணிக்கையாளர். பாடங்களின் வரிசை இந்தத் தேவைகளின் வரிசைதான்.

1956 ஏப்ரல் 1ஆம் தேதி சுதந்திர இந்தியாவின் கம்பெனிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே 1956இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி தொடங்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. எங்கள் பள்ளத்தாக்கு ஜனங்கள் வேலைக்குப் போகும் ஏலக்காடு இன்னொரு மாநிலத்திலேயே நிலைத்தது. ஒரே வருடத்தில் ஒரு சட்டம், ஒரு கல்லூரி, ஓர் எல்லைக்கோடு. இதில் நம் பி.காம். பாடத்திட்டத்துக்குள் நுழைந்தது சட்டம் மட்டுமே. பங்கு வெளியீடு, ஒறுப்பிழப்பு, கம்பெனிகளின் இணைப்பு, கலைப்பு என்று அதற்கு முழுசாக ஒரு வருடம். எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய்க் கூலி வாங்கி வருகிறவரின் கணக்குக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை.

3

உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் விடியுமுன்னே ஜீப்புகள் கிளம்பும். கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ மேலே ஏறும். எங்கம்மா இருபத்தாறு வருடம் அப்படிப் போனவர். ஒரு நாள் வேலையை எங்கள் வீட்டில் 'ஒரு பேர்' என்போம். கங்காணியின் நோட்டில் பேர் விழ வேண்டும். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அடுப்படிச் சுவரில் கரிக்கோடு போட்டு வைப்பார். பாதி நாள் என்றால் பாதிக் கோடு. வாரக் கடைசியில் சுவருக்கும் நோட்டுக்கும் ஒத்துப்போகாது. "சுவத்துல கோடு கூடுதலா இருக்கு, அவுக கொறச்சலுங்கிறாக." எந்த வாரமும் சுவர் ஜெயித்ததில்லை.

வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்று ஒரு பாடம் உண்டு. வங்கியின் ஏடும் நம் ஏடும் ஏன் மாறுபடுகின்றன என்று கண்டுபிடிக்கும் பாடம். இரண்டு ஏடுகளும் சமமான சாட்சிகள் என்பது அதன் அடிப்படை. நோட்டுக்கும் சுவருக்கும் இடையே அந்தச் சமத்துவம் இல்லை.

அடக்கவிலைக் கணக்கில் 'ஐடில் டைம்' என்றொரு தலைப்பு வரும். வேலை நடக்காமலே கூலி கொடுக்க வேண்டிவந்த நேரம். கரண்ட் போனது, மெஷின் நின்றது என்று உதாரணங்கள். அது முதலாளிக்கு நேர்ந்த இழப்பு. மலையில் மழை பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? பாதியில் இறக்கி அனுப்புவார்கள், அரைப் பேர். ஆக, அந்த நேரம் தோட்டத்தின் ஏட்டில் எங்குமே இல்லை. அதற்கான இழப்பைச் சுவர் ஏற்றுக்கொண்டது. மூன்று மணிக்கு எழுந்து சோறு பொங்கி, ஜீப்பில் நெருக்கியடித்துப் போன நேரம் எந்த ஏட்டிலும் இல்லை, சுவரிலும் இல்லை.

எழுதப்படுவதில் இன்னொரு வகையும் இப்பகுதி அறிந்ததுதான். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் பிறமலைக் கள்ளர்களின் கைரேகைகள் பதிவேட்டில் ஏறின. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி துப்பாக்கிச்சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல்தான் நீங்கியது. எழுதி வைத்தல், தேர்வு செய்தல், ஒவ்வொருவரையும் ஒரு 'கேஸ்' ஆக்குதல் ஆகியவற்றின் வழியே அதிகாரம் இயங்குவதை ஃபூக்கோ விளக்கியது 1975இல். இங்கே ரேகை வைத்தவர்கள் அதை உடம்பில் அறிந்திருந்தார்கள். கணக்கு எழுதுகிறவர், கணக்கில் எழுதப்படுகிறவர் என்ற பிரிவினைதான் நான் சொல்ல வருவது. பி.காம். படிக்கும் முதல் தலைமுறைப் பிள்ளைகள் இரண்டாவது வீட்டிலிருந்து புறப்பட்டு முதலாவது நாற்காலியை நோக்கி வருகிறார்கள். வரும் வழியில் அவர்கள் வீட்டை மறந்துவிட வேண்டும் என்பது பாடத்திட்டம் சொல்லாமல் சொல்லும் நிபந்தனை.

4

2008-09இல் தமிழகப் பல்கலைக்கழகங்களில் கிரெடிட் முறை வந்தது. பகுதி ஒன்று தமிழ், இரண்டு ஆங்கிலம், மூன்று முதன்மைப் பாடம், நான்கு திறன், ஐந்து விரிவாக்கப் பணி என்று பட்டம் கட்டம் கட்டமாகப் பிரிந்தது. மொத்தம் 140 கிரெடிட். 2022இல் 'நான் முதல்வன்', 2023இல் மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டம், அதற்கு ஆசிரியர்களின் எதிர்ப்பு. இதற்கிடையே 2013இல் புதிய கம்பெனிகள் சட்டம், 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி., 2025இல் புதிய வருமான வரிச் சட்டம். ஒவ்வொரு சட்டத்துக்கும் தாள் மாறியது. பி.காம். சி.ஏ. என்றொரு பட்டமும் பரவியது. சி.ஏ. என்றால் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன். "எம் மகன் சி.ஏ. படிக்கிறான்" என்று ஊரில் சொல்லித் திரிந்த தகப்பன்மார்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் வேலை பார்ப்பது வேறோர் ஊரில், ஒரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவில். பெயர் அவசியமில்லை. பாடத்திட்டம் மாறிய ஒரு வருடம், விருப்பப் பாடம் ஒன்றுக்குத் திட்டம் எழுதித் தரச் சொன்னார்கள். பத்து நாள் உட்கார்ந்து எழுதினேன். விவசாய வீட்டுக் கணக்கு, மண்டிச் சிட்டை, தோட்டக் கூலிப் பதிவு, மகளிர் குழுக் கடன் என்று ஐந்து அலகு. கூட்டத்தில் பெரியவர் ஒருவர் படித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, நல்லாத்தான் இருக்கு. இதப் படிச்சா எவன் வேல குடுப்பான்? டேலி போடுங்க" என்றார். டேலிதான் வந்தது.

அவர் சொன்னதைப் பிற்போக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. டேலி தெரிந்த பையனுக்குக் கம்பத்தில் ஒரு கடையில் வேலை கிடைக்கிறது. அவன் அம்மா மலைக்குப் போவது நிற்கிறது. கம்பெனிக் கணக்கே வேண்டாம் என்பவன் இந்தப் பிள்ளைகளுக்குத் துரோகம் செய்கிறான். நான் கேட்பது அந்த நாற்காலியில் உட்காரும்போது எதிர்ப்பக்கமும் தெரிய வேண்டும் என்பதுதான். அதற்குத் தனித் தாள்கூட வேண்டியதில்லை. இருக்கிற தாள்களுக்குள்ளேயே இடம் உண்டு.

அனுப்பீட்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். பம்பாய்க்காரர் கல்கத்தாக்காரருக்குச் சைக்கிள் அனுப்பியதாகவே கணக்கு இருக்கும். பள்ளத்தாக்கில் திராட்சையும் வாழையும் கமிஷன் மண்டிக்குப் போவது இதே அனுப்பீடுதான். கமிஷன், ஏற்றுகூலி, மகமை எல்லாம் கழித்துக் கையில் தரும் சிட்டைதான் விற்பனைப் பட்டி. செய்முறை அடக்கவிலையில் 'இயல்பு இழப்பு' வருகிறது. ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சை ஏலக்காயைக் காயவைத்தால் ஒரு கிலோ. இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்?

வட்டிப் பாடத்தில் ஒரு வகுப்பையே இதற்குக் கொடுத்தேன். பத்தாயிரம் கடன், 12 சதவீத நிலை வட்டி, பன்னிரண்டு மாதத் தவணை. மாதம் 933 ரூபாய் சொச்சம். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது, வட்டி மட்டும் முழு அசலுக்கும் போடப்படுகிறது. குறையும் நிலுவைக்குக் கணக்கிட்டால் வருடத்துக்கு ஏறத்தாழ 21.5 சதவீதம். போட்டு முடித்ததும் ஒரு மாணவி எழுந்தாள்: "சார், எங்கம்மா குழுவுல பன்னெண்டுன்னுதான் சொல்லியிருக்காங்க." மறுநாள் அவள் அம்மாவின் கடன் அட்டையைக் கொண்டுவந்தாள். அந்த வாரம் மொத்தம் பதினேழு அட்டைகள் வந்தன.

அகமதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண் ஆசிரியர் கையில் இருக்கிறது. அதற்குள் வரும் 'அசைன்மென்ட்'டை எந்தக் குழுவும் வந்து தடுப்பதில்லை. இப்போது என் திட்டம் இவ்வளவுதான்: முதல் பருவத்தில் ஒவ்வொரு மாணவரும் வீட்டிலிருந்து ஒரு பற்று நோட்டோ சிட்டையோ அட்டையோ கொண்டுவர வேண்டும். ஆள் பெயர், கடைப் பெயர் எல்லாம் மறைத்துத்தான். அதே நடவடிக்கையை இரண்டு ஏட்டில் எழுத வேண்டும், ஒருமுறை கடைக்காரராக, ஒருமுறை வாங்கினவராக. பற்றும் வரவும் பக்கம் மாறுவதை அவர்களே பார்க்கட்டும். மூன்றாம் ஆண்டில் ஒரு மாதச் செக்ரோலையும் தொழிலாளி வைத்த கணக்கையும் எடுத்துச் சரிகட்டும் பட்டியல் தயாரிக்க வேண்டும்.

இந்தக் கடைசிப் பயிற்சியில்தான் சிக்கல். தொழிலாளி வைத்த கணக்கு கிடைப்பதில்லை. எங்கள் வீட்டுச் சுவருக்கே பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்துவிடுவோம். இதைப் படிக்கிற தோழர்களின் வீடுகளில், சங்க அலுவலகங்களில், பழைய கூலிச் சீட்டோ, தோட்டத் துண்டோ, பெண்கள் எழுதி வைத்த நோட்டோ இருந்தால் படியெடுத்து வையுங்கள். ஜூனில் கல்லூரி திறக்கிறது. வகுப்புக்கு எனக்கு இருபது போதும்.