பிளஸ் டூ பரிசுகளும் உதவித்தொகைகளும் (செங்கல்பட்டு மாவட்டம்)

பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவர்களுக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தில் கிடைக்கும் பரிசு, உதவித்தொகை, கட்டணச் சலுகை ஆகியவை இங்கே பேசப்படுகின்றன. மதிப்பெண்ணைப் பார்த்துத் தருவது பரிசு. வீட்டு நிலையைப் பார்த்துத் தருவது உதவித்தொகை. கைக்கு வராமலே கல்லூரிக் கணக்கில் கழிவது கட்டணச் சலுகை. ஊர்ப் பேச்சில் மூன்றுக்கும் 'ஸ்காலர்ஷிப்' என்ற ஒரே சொல்தான் என்பதால், எதற்கு விண்ணப்பித்தோம், எது வந்தது என்று தெரியாத வீடுகளே அதிகம்.

இவற்றில் பெரும்பாலானவை மாநிலம் முழுவதற்கும் பொதுவான திட்டங்கள். எட்டு வட்டங்கள் கொண்ட இந்த மாவட்டத்துக்கென்று தனியாக ஏற்பட்டவை குறைவு. ஆனாலும் இங்கே வைத்துப் பார்க்கக் காரணம் உண்டு. தாம்பரத்திலும் காட்டாங்குளத்தூரிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் கல்லூரிகள் நெருக்கமாக நிற்கின்றன. அங்கிருந்து கிழக்கே, கோவளம் தொடங்கி நெம்மேலி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் வரை மீனவக் குப்பங்கள். உள்ளே தள்ளி, ஏரிக்கரைகளில் இருளர் குடியிருப்புகள். பேருந்து தூரம் குறைவு. அதைக் கடக்க யாருக்குக் கைகொடுப்பது என்பதற்கு அரசு சொன்ன பதில் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது: ஒரு காலத்தில் முதலிடம் பிடித்தவருக்கு, இப்போது கல்லூரி வாசலை மிதித்தவருக்கு.

முன்கதை

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891இல் இம்மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். 1892இல் வந்த பஞ்சமி நில ஆணைக்கு அடிப்படை அதுதான். நிலத்தைப் பற்றிய ஆவணமாகவே அது இன்று நினைக்கப்படுகிறது. ஆனால் அடுத்த ஆண்டே அம்மக்களின் கல்விக்கும் அரசாணை வந்தது. மதுராந்தகத்தை ஒட்டிய கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் இதே காலத்தில்தான், 1893இல், 'பறையன்' இதழைத் தொடங்கினார். பட்டியல் இனத்தவருக்கான மெட்ரிக்குக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை 1944இல், பிரிட்டிஷ் ஆட்சியிலேயே, தொடங்கியது. நாட்டில் இன்றும் நடப்பில் இருக்கும் மிகப் பழைய உதவித்தொகைகளில் அது ஒன்று. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது அதன் இப்போதைய வரம்பு.

இன்னொரு இழை பெண் கல்வி. 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு செங்கல்பட்டில் கூடியது. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்ற தீர்மானம் அங்கே நிறைவேறியது. அறுபது ஆண்டு கழித்து, 1989இல், அது தமிழ்நாட்டில் சட்டமானது. அதே ஆண்டு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்குத் திருமண நிதி உதவியும் வந்தது. எட்டாம் வகுப்பாவது படித்திருந்தால்தான் பணம் என்று விதி வைத்தார்கள். கல்யாணத்துக்குத் தருவதாகச் சொல்லிப் படிக்க வைக்கும் தந்திரம் அது. 2011க்குப் பிறகு தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. பட்டம், பட்டயம் படித்த பெண்ணுக்கு 50,000 ரூபாய் என்று தொகையும் கூடியது.

முதலிடத்தின் காலம்

1978இல் மேல்நிலைக் கல்வி வந்ததிலிருந்து 2016 வரை பிளஸ் டூ ரிசல்ட் என்றாலே 'மாநிலத்தில் முதலிடம்' என்ற செய்திதான். பெற்றோர் இனிப்பு ஊட்டும் படம் மறுநாள் நாளிதழில் வரும். தமிழை ஒரு பாடமாக எடுத்து முதல் மூன்று இடங்களைப் பிடித்தவர்களுக்கு அரசே பரிசு கொடுத்தது. வேறு மொழி எடுத்தவர்களின் பட்டியல் தனியாக வரும்.

2017 மே மாதம் அது நின்றது. தரவரிசை இனி அறிவிக்கப்படாது என்று அப்போதைய பள்ளிக் கல்வி அமைச்சர் செங்கோட்டையன் அறிவித்தார். மொத்த மதிப்பெண்ணும் பின்னர் 1200லிருந்து 600ஆகக் குறைந்தது. பிள்ளைகளின் மன அழுத்தமும் பள்ளிகளின் விளம்பரமும் காரணமாகச் சொல்லப்பட்டன. விளம்பரம் என்னவோ குறையவில்லை. மதிப்பெண்ணோடு மாணவர் முகம் போட்ட பிளெக்ஸ் பேனர்கள் ஜிஎஸ்டி சாலை நெடுக ஜூன் மாதத்தில் இன்றும் நிற்கின்றன.

அரசு வரிசைப்படுத்துவதை நிறுத்தினாலும் முதலிடத்துக்கு மதிப்புத் தரும் சில இடங்கள் மிச்சமிருக்கின்றன. ஆதிதிராவிடர் நலத்துறையின் முதலமைச்சர் தகுதிப் பரிசு அவற்றில் ஒன்று. வண்டலூர்-கேளம்பாக்கம் சாலையில் வளாகம் வைத்திருக்கும் விஐடி பல்கலைக்கழகம், தன் 'ஸ்டார்ஸ்' திட்டத்தில் ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசுப் பள்ளியில் படித்து அதிக மதிப்பெண் எடுத்த ஒரு மாணவரையும் ஒரு மாணவியையும் தேர்ந்து, கட்டணமும் விடுதியும் உணவும் இலவசமாகத் தருகிறது. ஒன்றிய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை, அந்தந்த வாரியத் தேர்வில் மேலேயுள்ள 20 விழுக்காட்டில் வருபவர்களுக்கு, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், பட்டப்படிப்பில் ஆண்டுக்கு 12,000 ரூபாய். இணையத்தில் ஆண்டுதோறும் புதுப்பிக்க மறந்தால் நின்றுபோகும்.

மேடைப் பரிசு என்ற மரபைச் சினிமாக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். நடிகர் சிவகுமார் 1979இல் தொடங்கிய கல்வி அறக்கட்டளை பிளஸ் டூ மாணவர்களுக்குப் பரிசு தந்து பழகியது. 2006இல் அவர் மகன் சூர்யா தொடங்கிய அகரம் அறக்கட்டளை, பரிசை விட்டுவிட்டு, கல்லூரிச் செலவைத் தாங்கும் வழிக்கு வந்தது. 2023 ஜூனில் நடிகர் விஜய் நீலாங்கரையில் 234 தொகுதிகளிலும் முதல் மூன்று இடம் பெற்றவர்களை அழைத்துப் பரிசளித்தார். 600க்கு 600 எடுத்த திண்டுக்கல் மாணவிக்கு அன்று வைர நெக்லஸ் கிடைத்தது. 2025இல் அந்த விழா மாமல்லபுரத்து நட்சத்திர ஓட்டலுக்கு வந்தது. அதற்குள் கட்சித் தலைவராகியிருந்த விஜய் அதைப் பல நாட்களாகப் பிரித்து நடத்தினார். ஓட்டுக் கணக்கு இதில் இல்லையென்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் அரசு கைவிட்ட தரவரிசையைத் தொகுதிவாரியாகத் திரும்பக் கொண்டுவந்தது இந்த மேடைதான் என்பது கவனிக்க வேண்டியது.

மாதம் ஆயிரம்

2022 செப்டம்பர் 5 அன்று திருமண உதவித் திட்டம் புதுமைப் பெண் திட்டமாக உருமாறியது. ராமாமிர்தம் அம்மையார் பெயர் அப்படியே இருக்க, கல்யாணம் போய்க் கல்லூரி வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், பட்டமோ பட்டயமோ ஐடிஐயோ படித்து முடிக்கும் வரை மாதம் 1000 ரூபாய், அவள் பெயரிலுள்ள கணக்கில். மதிப்பெண் கேட்பதில்லை. வேறு உதவித்தொகை வாங்கினாலும் தடையில்லை. 2024 ஆகஸ்ட் 9 அன்று ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் கோவையில் தொடங்கியது. அந்த ஆண்டின் கடைசியில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த பெண்களும் புதுமைப் பெண்ணில் சேர்க்கப்பட்டார்கள்.

ஆயிரம் ரூபாய் பெரிய தொகையல்ல. ஆனால் கடற்கரைக் குப்பத்திலிருந்து செங்கல்பட்டு இராஜேசுவரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு டீ, ஜெராக்ஸ், ரீசார்ஜ், தேர்வுக் கட்டணம் எல்லாவற்றுக்கும் அப்பாவிடம் கை நீட்ட வேண்டியதில்லை என்பது வேறு கணக்கு. மேடையில் ஒருநாள் வாங்கிய கேடயம் அலமாரியில் இருக்கும். இது மாதாமாதம் போனில் குறுஞ்செய்தியாக வருகிறது.

இதைவிடப் பெரிய பணம் 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீட்டில் இருக்கிறது. 2020இல் மருத்துவத்துக்கும், 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கெனச் சட்டம் வந்தது. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசுடையது. ஆகவே இதுவும் பெயர் சொல்லாத உதவித்தொகைதான். மருத்துவத்துக்கு நீட் தேர்ச்சி வேண்டும் என்பது மாறவில்லை. மீன்வளப் படிப்பில் மீனவர் பிள்ளைகளுக்கென்று தனி இடங்களும் உண்டு.

முன்பே தீர்மானமாகிவிடுபவை

பிளஸ் டூ ரிசல்ட் வந்தபின் விசாரிக்கிற பெற்றோருக்கு ஆசிரியர்கள் சொல்ல வேண்டியிருக்கும் கசப்பான செய்தி, பல தொகைகள் அதற்கு நாலைந்து வருடம் முன்பே முடிவாகிவிட்டன என்பது. எட்டாம் வகுப்பில் எழுதும் என்எம்எம்எஸ் என்ற தேசிய வருவாய்வழி, திறன் உதவித்தொகைத் தேர்வில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு: வருவாய் மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு பிரிந்தபோது, ஒரே மாவட்டமாக இருந்த இடத்தில் இரண்டு நூறு வந்தது. மாவட்டப் பிரிப்பைப் பற்றி எழுதியவர்கள் யாரும் பெரிதாகக் கவனிக்காத லாபம். பதினொன்றில் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வு மாநிலத்தில் 1500 பேருக்கு இரண்டாண்டுகள் மாதம் 1500 ரூபாய் தருகிறது. முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வில் தேறும் 1000 அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பட்டப்படிப்பு முடியும் வரை ஆண்டுக்கு 10,000.

புதுமைப் பெண்ணும் 7.5 விழுக்காடும்கூட ஆறாம் வகுப்பில் தீர்மானமானவையே. நடுவில் இரண்டு வருடம் ஆங்கிலவழித் தனியார் பள்ளிக்கு ஆசைப்பட்டுப் போய்த் திரும்பி வந்த பிள்ளைக்குக் கதவு மூடியிருக்கும். கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்துப் பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு.

சான்றுகள்

சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு: இவைதான் பிளஸ் டூவுக்குப் பிறகு எழுத வேண்டிய அடுத்த தேர்வு. இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போனபின் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று கோப்பு நகரும். 2010இல் வந்த முதல் பட்டதாரிச் சலுகை, குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறாதிருந்தால் தொழிற்படிப்புக் கட்டணத்தைக் குறைக்கும். ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே. அக்காளும் தம்பியும் அடுத்தடுத்து முடிக்கும் வீட்டில் யார் பெயரில் வாங்குவது என்று நடக்கும் பேச்சுவார்த்தை கலந்தாய்வைவிட நீளமானது.

கடலோரத்தில் மீனவர் நலவாரியமும், கட்டுமானத் தொழிலாளர் நலவாரியமும் உறுப்பினர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி தருகின்றன. அப்பாவின் அட்டை புதுப்பிக்கப்பட்டிருந்தால்தான். 1957இல் தொடங்கிய மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி உளி பிடித்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் பட்டப்படிப்பாகவே அந்தத் தொழிலைக் கற்பிப்பதால், மாத ஆயிரம் அந்தப் பட்டறைக்கும் போய்ச் சேர்கிறது.

இருளர் பிள்ளைகளின் வழி இன்னும் சுற்று. வடநெம்மேலியில் 1978இல் ஏற்பட்ட பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அவர்களின் தொழில் அறிவை உலகுக்குக் காட்டியது. பள்ளி இறுதியை எட்டிய பிள்ளைக்கு அது சான்றாகாது. பழங்குடியினர் சாதிச் சான்றை வட்டாட்சியர் தர முடியாது. வருவாய்க் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ விசாரித்துத்தான் தர வேண்டும். பெற்றோரிடம் சான்று இல்லாத வீடுகளில் அந்த விசாரணைக்குக் குடியிருப்பிலுள்ள உறவினர்களின் வாக்குமூலமே ஆதாரம். கலந்தாய்வுத் தேதி அதற்காகத் தள்ளிவைக்கப்படுவதில்லை.