பாசி மேய வந்த மீன்

தோட்டத்துக் குட்டையில் மீன் விட்டிருக்கிறீர்கள். வெயில் ஏறினதும் மேலே நூல்பாசி பாய் விரித்தாற்போல் படர்கிறது; அடியில் வேலம்பாசி. கழியால் சுருட்டிக் கரையில் போட்டாலும் சில நாளில் பழையபடி மண்டுகிறது. என்னதான் பண்றது?

1959-ல் இரண்டு சீனக் கெண்டைகளை ஒடிசாவின் கட்டாக் நகருக்குக் கொண்டுவந்தார்கள். ஹாங்காங்கிலிருந்து புல்கெண்டை, ஜப்பானிலிருந்து வெள்ளிக்கெண்டை. புல்கெண்டை வேலம்பாசியை மாடு மாதிரி மேயும். மற்றத் தீனி குறைந்தால் நூல்பாசியையும் கடிக்கும். வெள்ளிக்கெண்டை, தண்ணீரைப் பச்சையாக்கும் நுண்பாசியைச் செவுளால் சலித்துத் தின்னும்.

ஆனால் ஒரு சிக்கல். இவை ஓடுகிற ஆற்றில் முட்டையிடும் ஜாதி. தேங்கின குளத்தில் சினை பிடிக்கும், முட்டையிடாது. குஞ்சுக்காக எப்போதும் அயல்நாட்டை எதிர்பார்த்திருக்க முடியுமா? நல்லவேளை, 1957-லேயே ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, மீனின் மூளைக்கடியிலுள்ள சுரப்பியின் சாற்றை ஊசி போட்டு நம் நாட்டுக் கெண்டையை முட்டையிட வைத்திருந்தார். அதே முறை 1962-ல் கட்டாக்கில் இவற்றுக்கும் பலித்தது. பண்ணையில் நீங்கள் வாங்கும் புல்கெண்டைக் குஞ்சு அந்த வழியில் வந்ததுதான்.

ஒன்றை மறக்காதீங்க. சாணமும் யூரியாவும் அதிகமானால் எந்த மீனாலும் பாசியைத் தின்று தீர்க்க முடியாது. பாசி மண்டினால் முதலில் எருவை நிறுத்துங்க. மருந்தடித்து மொத்தத்தையும் ஒரே நாளில் கொல்லாதீங்க. அழுகுகிற பாசி தண்ணீரிலுள்ள பிராணவாயுவை இழுத்துவிடும். விடிகாலையில் மீன்தான் செத்து மிதக்கும்.