எட்டு வேற்றுமையும் ஒரு பத்தியும்

'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இலக்கணமே தெரிவதில்லை' என்கிற புலம்பல் தமிழாசிரியர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் கேட்கிறது. இதற்குள் ஒரு வரலாற்றுக் கதையாடல் இருக்கிறது. ஆரம்பப் பள்ளியில் இலக்கணம் தொன்றுதொட்டு இருந்துவந்ததாகவும் இடையில் யாரோ கெடுத்துவிட்டதாகவும் அது சொல்கிறது. இந்தக் கதை சரிதானா? வேற்றுமை எட்டையும் உருபோடு ஒப்பிக்கிற பிள்ளைக்கும் தன் ஊரைப் பற்றிச் சொந்தமாக ஒரு பத்தி எழுத வருவதில்லையே, அது ஏன்? இரண்டு கேள்விகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

1

சென்னை மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன, யார் யார் படிக்கிறார்கள் என்று 1822இல் கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார் கவர்னர் தாமஸ் மன்றோ. 1826இல் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று இருக்கிறது. இதில் பெண்கள் 4,540 பேர்தான். யாருக்குத் திண்ணை திறந்திருந்தது என்பதற்கு இந்த எண் போதும்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் என்ன படித்தார்கள்? முதலில் மணலில் விரலால் எழுத்து, பிறகு ஓலை. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி, சதகங்கள், நிகண்டு. எல்லாம் மனப்பாடம். நன்னூல் அதற்கு அப்பால் இருந்தது. தனியாக ஒரு புலவரைத் தேடிப்போய்ப் பாடம் கேட்கிறவனுக்கு உரியது அது. உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படித்தவர்களுக்கு அந்தத் தேடலின் சிரமம் தெரியும். ஆக, ஏழெட்டு வயசுப் பிள்ளைக்கு இலக்கணம் சொல்லித்தருவது நம் மரபில் பொதுவழக்கமாக இருக்கவில்லை. சொந்தமாக எழுதுவதும் இல்லை. எழுத்து என்றால் பார்த்து எழுதுவது, அல்லது சொல்லக் கேட்டு எழுதுவது.

பத்தி? ஓலைச்சுவடியில் பத்தி ஏது. சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளிகூடப் பெரும்பாலும் வைப்பதில்லை. எங்கே நிறுத்துவது என்பது வாசிக்கிறவனுக்குத் தெரியும், ஏனென்றால் பாடம் அவனுக்கு ஏற்கெனவே மனப்பாடம். முன்பின் தெரியாத ஒருவருக்கு, நாம் சொல்வதை முன்பு கேட்டிராத ஒருவருக்கு எழுதும்போதுதான் பத்தி என்கிற ஏற்பாடு தேவைப்படுகிறது. அச்சோடு வந்த தேவை அது.

2

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பள்ளிப் பாடப்புத்தகங்கள் அச்சாகத் தொடங்கியபோது சிறுவர்களுக்கான இலக்கணம் என்று ஒரு வகை உருவாயிற்று. ஜி.யு.போப் இலக்கண வினாவிடை எழுதினார். ஆறுமுக நாவலர் பாலபாடங்களையும் இலக்கண வினாவிடையையும் இலக்கணச் சுருக்கத்தையும் எழுதினார். கிறித்தவ ஞானோபதேசத்துக்குப் பயன்பட்ட வினாவிடை வடிவத்தை, அவர்களை எதிர்த்து நின்ற நாவலர் சைவத்துக்கும் எடுத்துக்கொண்டார், இலக்கணத்துக்கும் எடுத்துக்கொண்டார். மதங்கள் மோதிக்கொண்டாலும் வகுப்பறையின் வடிவம் ஒன்றாகவே இருந்தது. ஒரு கேள்வி, அதற்கு ஒரே பதில். கேள்வி கேட்கிறவர் வாத்தியார். பிள்ளை எதிர்க்கேள்வி கேட்க இந்த வடிவத்தில் இடமே கிடையாது.

நாவலருக்கு நியாயம் செய்யவேண்டும். எழுத்து, சொல் என்று நின்றுபோன நன்னூலைத் தாண்டி, இலக்கணச் சுருக்கத்தில் மூன்றாவதாகத் தொடர்மொழியதிகாரம் வைத்தவர் அவர். நிறுத்தக்குறிகளை அச்சில் முறையாகக் கையாண்டவர். பாலபாடத்தில் உள்ள கட்டுரைகள் தெளிந்த உரைநடைக்கு நல்ல மாதிரிகள். ஆனால் அவை மாதிரிகளாகவே இருந்துவிட்டன. பிள்ளை வாசிக்கும், திருப்பிச் சொல்லும். இலக்கணமோ தொடரோடு முடிந்துவிடும். ஒரு தொடரையும் அடுத்த தொடரையும் எப்படி இணைப்பது, எதை முதலில் சொல்வது, எதை விடுவது என்பதெல்லாம் பாடமாகவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால் அதற்கான சிந்தனை நன்னூலிலேயே இருக்கிறது. பாயிரத்தில் நூலுக்கு வரும் பத்துக் குற்றங்களைப் பவணந்தி பட்டியல் போடுகிறார். தேவைக்குக் குறைவாகச் சொல்வது, அதிகமாகச் சொல்வது, சொன்னதையே சொல்வது, முன்னுக்குப்பின் முரணாகச் சொல்வது, எடுத்த விஷயத்தை விட்டு இன்னொன்றுக்குத் தாவுவது, போகப்போகத் தேய்ந்துபோவது என்றெல்லாம் அதில் வருகிறது. இதைவிட நல்ல பத்திப் பாடம் வேறென்ன வேண்டும்? பள்ளிக்கூடம் புணர்ச்சி விதியை எடுத்துக்கொண்டது. பாயிரத்தைப் புலவர் வகுப்புக்கு விட்டுவிட்டது. எளிதில் மதிப்பெண் போடக்கூடியது எதுவோ அது பாடமாயிற்று.

3

புதுச்சேரியின் கதையில் இன்னொரு கிளை உண்டு. பிரெஞ்சுப் பள்ளியின் உயிர்நாடி 'தீக்தே', அதாவது வாத்தியார் சொல்லச்சொல்லப் பிழையில்லாமல் எழுதுவது. பிரான்சின் ஆரம்பக் கல்விச் சான்றிதழ்த் தேர்வில் தீக்தேயில் அஞ்சு தப்பு வந்தால் பூஜ்யம் என்பது பெயர்போன விதி. தேர்வில் கட்டுரைத் தாளும் இருந்தது. ஆனால் பிள்ளையின் தலைவிதியைத் தப்புகளின் எண்ணிக்கை தீர்மானித்தது. அந்த நாட்டிலேயே இதற்கு எதிர்ப்பும் கிளம்பியது. 1924இல் பார்-சூர்-லூ என்கிற கிராமத்தில் செலஸ்தென் ஃப்ரெனே என்ற ஆரம்பப் பள்ளி வாத்தியார் வகுப்புக்குள் ஒரு சின்ன அச்சுப்பொறியைக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் தாங்கள் பார்த்ததை எழுதி, கூடித் திருத்தி, தாங்களே அச்சுக்கோத்தார்கள். வேறு ஊர்ப் பள்ளிகளுக்கும் அனுப்பினார்கள்.

அதே காலத்தில் பிரெஞ்சிந்தியாவில் ஆரம்பப் பள்ளித் தமிழாசிரியராக இருந்தவர் பாரதிதாசன். 1909இல் காரைக்காலை அடுத்த நிரவியில் வேலைக்குச் சேர்ந்து 1946 வரை வாத்தியாராக இருந்தார். நாம் அவரைக் கவிஞராகவே வாசித்துப் பழகிவிட்டோம். முப்பத்தேழு வருஷம் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொன்ன ஒருவரின் வகுப்பறையை யாரும் ஆராயவில்லை என்றால் அது நம் இலக்கிய வரலாற்றின் பார்வைக் கோளாறு. அதற்கு ஆரம்பப் பள்ளி இலக்கியமாகத் தெரிவதில்லை.

4

காலாப்பட்டுக்கு வருவோம். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கங்களில் தமிழ்நாடு என்று நகரத்திலிருந்து துண்டாகக் கிடக்கும் பகுதி. 1985இல் இங்கே மத்தியப் பல்கலைக்கழகம் வந்தது. பள்ளிப்படிப்பை முடிக்காத கி.ராஜநாராயணனை அந்தப் பல்கலைக்கழகம் சிறப்புப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. மாணவர்களைக்கொண்டு அவர் நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டினார். பேச்சுத்தமிழ் பல்கலைக்கழகத்தின் வாசலுக்குள் நுழைந்துவிட்டது. அந்தச் சுவருக்கு வெளியே உள்ள ஆரம்பப் பள்ளிகளுக்குள் அது நுழைந்ததா?

சோழமண்டலக் கரை மீனவர் பேச்சில் வடக்கேயிருந்து வரும் நீரோட்டம் வன்னி, தெற்கேயிருந்து வருவது தெண்டி. காற்றுக்கு வாடை, கொண்டல், கச்சான் என்று தனித்தனிப் பெயர். இந்தச் சொற்களோடுதான் மீனவக் குப்பத்துப் பிள்ளை ஒன்றாம் வகுப்புக்கு வருகிறது. இலக்கணம் அதன் முன்னால் முதன்முதலாகத் தோன்றுவது சிவப்பு மையாக. 'பேச்சு வழக்கு', 'கொச்சை', 'பிழை'. நாலு தடவை சுழி விழுந்தால் பிள்ளை ஒரு பாடம் கற்றுக்கொள்கிறது: புத்தகத்தில் இருப்பதைத் தவிர எதையும் எழுதாதே. அப்புறம் 'எங்கள் ஊர்' என்று எழுதச் சொன்னால், இந்த ஊரில் இல்லாத சலசலக்கும் ஆறும் பச்சைப் பசேல் வயலும் நோட்டில் வந்து உட்காரும். அதில் ஒற்றுப்பிழைகூட இருக்காது.

புதுச்சேரிக்குப் பாடத்திட்டம் வெளியிலிருந்தே வந்திருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களுடையது, பிறகு தமிழ்நாட்டினுடையது, 2023-24 முதல் அரசுப் பள்ளிகளின் மேல் வகுப்புகளிலும் மத்திய வாரியத்தினுடையது. பாடத்திட்டம் மாறுவதால் மட்டும் சிவப்பு மை மாறிவிடாது.

5

1967இல் இத்தாலியின் பார்பியானா என்ற மலைக் கிராமத்தில், பள்ளியில் பெயிலாக்கப்பட்ட ஏழைப் பையன்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஓர் ஆசிரியைக்குக் கடிதம் எழுதினார்கள். அது புத்தகமாக வந்து உலகம் முழுக்கப் படிக்கப்பட்டது. பாதிரியார் லொரென்ஸோ மிலானி அவர்களுக்குச் சொல்லித்தந்த எழுதும் முறை எளிமையானது. தோன்றுகிற ஒவ்வொரு விஷயத்தையும் தனித்தனித் துண்டுச் சீட்டில் எழுதவேண்டும். எல்லாச் சீட்டையும் மேசையில் பரப்பி, ஒரே மாதிரி இருப்பதை நீக்கவேண்டும். சேர்ந்து போவதையெல்லாம் கட்டுக்கட்டாக வைத்தால் அதிகாரம், அதற்குள் சின்னக் கட்டுகளாக வைத்தால் பத்தி. பிறகு தேவையில்லாத சொல்லை வெட்டிக்கொண்டே போகவேண்டும். பவணந்தியின் பத்துக் குற்றமும் மேசைமேல் தானாக அகப்படும்.

காலாப்பட்டில் இதைச் செய்ய முடியாதா என்ன. உள்நாட்டுக் கிராமத்துப் பள்ளி ஒன்றுக்கு, கடலையே பார்க்காத பிள்ளைகளுக்கு, வன்னி என்றால் என்ன என்று எழுதி அனுப்பச் சொல்லலாம். வாசிக்கிறவருக்குத் தெரியாது என்பதால் பத்தி தேவைப்படும். பிறகு இலக்கணத்தைச் சொல்லிக்கொடுக்கலாம். 'அப்பா கடலுக்குப் போனார்', 'அப்பா கடலில் போனார்', 'அப்பா கடலோடு போனார்' என்று மூன்று தொடரைக் கரும்பலகையில் எழுதினால் போதும். மூன்றாவதைப் படித்ததும் குப்பத்துப் பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள். அவர்களுக்கு உருபின் பொருள் தெரியும். மூன்றாம் வேற்றுமை என்ற பெயர்தான் தெரியாது. பெயரை அப்போது சொல்லலாம்.

1990 வாக்கில் அறிவொளி இயக்கம் எழுத்து வரிசையை ஒதுக்கிவைத்து, வாழ்க்கையில் புழங்கும் சொல்லிலிருந்து எழுத்துக்குப் போனது. புதிதாக எழுதக் கற்றவர்கள் தங்கள் கையாலேயே அதிகாரிகளுக்கு மனு எழுதினார்கள். மனு என்பதும் ஒரு பத்திதான்: யார், எங்கே, என்ன குறை, என்ன வேண்டும். தப்பும் தவறுமாக இருந்தாலும் வேலை நடந்தது. இன்றைக்கும் தாலுகா ஆபீஸ் மரத்தடியில் காசு கொடுத்து மனு எழுதி வாங்குகிறவர்களில் பள்ளிக்கூடம் போனவர்களும் இருக்கிறார்கள். மாலை வகுப்பு நடத்துகிற தோழர்கள் அந்த மரத்தடியை மனதில் வைத்துக்கொண்டு பாடத்தை ஆரம்பிக்கலாம். ஒற்று மிகும் இடம், மிகா இடம் எல்லாம் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.