வீட்டு ஹாலில் பிச்வாய் பசுக்கள்: இந்த டிரெண்ட் எங்கிருந்து வந்தது? நம்ம முல்லைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

புது வீட்டு வீடியோக்களில் இப்போது அடிக்கடி ஒரு சுவரைப் பார்க்கலாம். தாமரைக் குளம், அலங்கரித்த வெள்ளைப் பசுக்கள், எங்கு பார்த்தாலும் பச்சை. வால்பேப்பர் முதல் குஷன் கவர் வரை வந்துவிட்ட இந்த ஓவியத்தின் பெயர் பிச்வாய்.

பிச்வாய்னா என்ன?

ராஜஸ்தானின் நாத்துவாராவில் உள்ள ஸ்ரீநாத்ஜி கோயிலில், கண்ணன் சிலைக்குப் பின்னால் தொங்கவிடும் துணித் திரைதான் பிச்வாய். 'பின்னால் இருப்பது' என்பதே பெயரின் பொருள். பருவத்துக்கும் திருவிழாவுக்கும் ஏற்ப திரையை மாற்றுவார்கள். கோடைக்குத் தாமரை, கோபாஷ்டமிக்குப் பசுக்கள். நம் ஹாலில் இரண்டும் ஒரே படத்தில், வருஷம் முழுக்கத் தொங்குகின்றன!

வாங்கும் முன் மொபைல் கேமராவில் ஜூம் செய்து பாருங்கள். கையால் வரைந்ததில் ஒரு பசு மாதிரி இன்னொன்று இருக்காது. அச்சு அசலாக ஒரே பசு திரும்பத் திரும்ப வந்தால் அது பிரிண்ட். பிரிண்ட் வாங்குவதில் தப்பில்லை, கைவேலை விலை கொடுக்காமல் இருந்தால் சரி.

மேய்ச்சல் நிலத்தின் மேல் ஏன் இந்த ஆசை?

ஆசை பழசு. ரோமானியக் கவிஞர் வர்ஜில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இடையர்களின் இனிய உலகத்தைப் பாடினார். 18-ம் நூற்றாண்டு பிரான்ஸில் அந்தக் காட்சிகள் 'துவால் த ஜூயி' என்ற துணியில் அச்சாகித் திரைச்சீலை ஆயின. ராணி மரி அந்துவானெத் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்திலேயே ஒரு பொம்மைக் கிராமம் கட்டிக்கொண்டார். மாடு மேய்க்காதவர்களுக்குத்தான் இந்தப் படம் ரொம்பப் பிடிக்கும் போல.

தமிழில் இதற்கு இணை முல்லைத் திணை. காடும் காடு சார்ந்த நிலமும், தெய்வம் மாயோன், மக்கள் ஆயர், பொழுது கார்காலமும் மாலையும். ஆனால் நம் இலக்கியம் பச்சையோடு நிற்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் மழையின்றித் திரிந்தால் பாலை ஆகிவிடும் என்கிறது சிலப்பதிகாரம்.

எம்.ரெட்டியபட்டி பக்கம் வந்தால்?

அருப்புக்கோட்டை, திருச்சுழி சுற்றுவட்டாரம் அந்தத் திரிந்த முல்லை மாதிரிதான். மானாவாரிக் கரிசல், கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக் கருவேலம். இங்கே மேய்ச்சல் என்றால் செம்மறி. அறுவடை முடிந்த நிலத்தில் ராத்திரி ஆடுகளை அடைத்துக் 'கிடை' போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம், அதற்குக் கூலி உண்டு. மழை பொய்த்தால் விதைப்பு இல்லை, தரிசில் கிடை போட யாரும் கூப்பிடமாட்டார்கள். மந்தையோடு வேறு ஊருக்கு நடக்க வேண்டியதுதான். சுவர் ஓவியங்களில் இந்த நடை கிடையாது.

இலக்கியத்தில் உண்டு. கி.ராஜநாராயணனின் 'கிடை' குறுநாவல் இந்தக் கரிசல் வாழ்க்கையைத்தான் சொல்கிறது. அம்ஷன் குமார் அதை 'ஒருத்தி' என்று படமாகவும் எடுத்தார். ஓவியர்கள்தான் இன்னும் இந்தப் பக்கம் அதிகம் வரவில்லை. வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகளோடு நிற்கும் வேம்பூர் ஆடு, கறுத்த மண்ணுக்கு எதிரே பிரமாதமாக எடுபடும்.