விளக்குத் திரியை நிறுத்தும் முறை: காஞ்சிபுரத்து நந்தா விளக்கிலிருந்து கிண்ண மெழுகுவர்த்தி வரை

எரியும் திரி எண்ணெயிலோ உருகிய மெழுகிலோ சாய்ந்து மூழ்காமல் அதை ஓரிடத்தில் பிடித்து வைப்பதே திரி நிறுத்துதல். அகல் விளக்கு, குத்துவிளக்கு, மெழுகுவர்த்தி ஆகிய எல்லாவற்றிற்கும் இது பொதுவான தேவை. இத்தேவையின் நீண்ட வரலாற்றைக் காஞ்சிபுரத்துக் கோயில்களின் நந்தா விளக்கிலும், இன்று வீடுகளில் செய்யப்படும் கிண்ண மெழுகுவர்த்தியிலும் காணலாம்.

பெயர்

இரவும் பகலும் அணையாமல் எரியும் கோயில் விளக்கைக் கல்வெட்டுகள் நந்தா விளக்கு, நுந்தா விளக்கு, திருநந்தா விளக்கு என்று குறிப்பிடுகின்றன. நந்துதல் என்றால் கெடுதல், அவிதல். ஆகவே நந்தா விளக்கு என்பது அவியாத விளக்கு. நுந்துதல் என்றால் தள்ளுதல், தூண்டுதல். ஆகவே நுந்தா விளக்கு என்பது திரியைத் தூண்ட வேண்டாத விளக்கு. தூண்டா விளக்கு என்ற சொல்லுக்கும் இதே பொருள்தான். அணையாமை, தூண்ட வேண்டாமை ஆகிய இரண்டும் விளக்கின் பெயராகவே நின்றதிலிருந்து, திரி எவ்வளவு கவனம் கேட்டது என்பது விளங்கும். மெழுகுவர்த்தி என்ற சொல்லிலும் வர்த்தி என்பது திரியையே குறிக்கிறது.

காஞ்சிபுரமும் விளக்கும்

பொய்கையாழ்வார் காஞ்சிபுரத்துத் திருவெஃகாவில் தோன்றியவர் என்பது வைணவ மரபு. அவர் முதல் திருவந்தாதியின் முதற்பாட்டில் உலகை அகலாகவும், கடலை நெய்யாகவும், கதிரவனைச் சுடராகவும் உருவகம் செய்தார். அந்த விளக்கில் திரி சொல்லப்படவில்லை. இரண்டாம் திருவந்தாதியைப் பாடிய பூதத்தாழ்வார் அன்பை அகலாகவும், ஆர்வத்தை நெய்யாகவும், சிந்தையைத் திரியாகவும் அமைத்தார். காஞ்சிபுரத்தின் ஒரு பகுதியான தூப்புலில் உள்ள பெருமாளுக்கு விளக்கொளிப் பெருமாள் என்பதே பெயர். 1268இல் வேதாந்த தேசிகர் பிறந்ததும் அத்தூப்புலில்தான்.

நந்தா விளக்குக் கொடைகள்

பல்லவர், சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தா விளக்கு வைப்பது பெருங்கொடையாகக் கருதப்பட்டது. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் அளிப்பது சோழ நாட்டில் பரவலான வழக்கம். காஞ்சிபுரம் அடங்கிய தொண்டை மண்டலத்தில் 90 ஆடுகள் அல்லது 32 பசுக்கள் என்ற கணக்கும் உண்டு. மன்றாடிகள் எனப்பட்ட ஆயர்கள் ஆடுகளைப் பெற்றுக்கொண்டு, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்து கொடுக்க ஒப்புக்கொண்டனர். உழக்கு என்பது நாழியில் கால் பங்கு.

இந்த ஆடுகள் 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. இறந்த ஆட்டுக்கும் மூப்படைந்த ஆட்டுக்கும் ஈடாகப் புதிய குட்டிகள் சேர்ந்துகொண்டே வருவதால் மந்தையின் எண்ணிக்கை குறையாது. சந்திரனும் சூரியனும் உள்ளவரை விளக்கு எரிய வேண்டும் என்பதே கொடையாளரின் விருப்பம்.

நெய்க்கு இவ்வாறு நிலையான ஏற்பாடு செய்ய முடிந்தது. திரிக்கு அப்படிச் செய்ய இயலாது. நெய் நிறைந்திருந்தாலும் திரி கருகினால் சுடர் மங்கும். வழுக்கி உள்ளே விழுந்தால் விளக்கு அணைந்துவிடும். எனவே தலைமுறைகளுக்காக எழுதப்பட்ட கொடை, ஒவ்வொரு நாளும் திரியைத் தூண்டிவிடும் ஒரு பணியாளரின் கையை நம்பியிருந்தது.

அகலின் மூக்கு

திரியின் நூல்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியாக எண்ணெய் மேலேறுகிறது. இது நுண்புழையேற்றம் எனப்படும். திரியின் ஒரு முனை எண்ணெயில் இருக்க வேண்டும். மறுமுனை எண்ணெய்க்கு வெளியே நிற்க வேண்டும். இதற்குக் குயவர் கண்ட எளிய வழி அகலின் மூக்கு. விளிம்பின் ஓரிடத்தைக் கிள்ளிவிட்டால் அந்தப் பள்ளத்தில் திரி படிந்து கிடக்கும். எண்ணெயில் ஊறிய வால்பகுதியின் எடை அதைப் பிடித்துக்கொள்ளும். குத்துவிளக்கின் ஐந்து முகங்களும் இதே அமைப்புதான். பஞ்சைத் தனி இழையாகப் போடாமல் இரண்டு இழைகளைச் சேர்த்துத் திரிப்பதும் திரி துவண்டு நழுவாமல் இருக்க உதவும்.

கண்ணாடிக் கிண்ணத்திற்கு மூக்கு கிடையாது. ஆகவே பைசாந்தியப் பேரரசின் கண்ணாடி விளக்குகளில் திரியை நடுவில் நிறுத்த அடியில் சிறு குழாயை ஒட்டினர், அல்லது விளிம்பிலிருந்து உலோகப் பட்டையைத் தொங்கவிட்டனர்.

மெழுகுவர்த்தியின் திரி

தூணாக நிற்கும் மெழுகுவர்த்தியில் திரியை நிறுத்தத் தனிக் கருவி தேவையில்லை. சுற்றியுள்ள கெட்டி மெழுகே அதைப் பிடித்துக்கொள்கிறது. அங்கிருந்த சிக்கல் வேறு. முறுக்கிய பழைய திரி முழுவதும் எரியாமல் கரியாகி நீண்டு புகைந்ததால், அதை அடிக்கடி கத்தரிக்க வேண்டியிருந்தது. 1825இல் பிரான்சில் காம்பசெரேசு பின்னல் திரியை உருவாக்கினார். பின்னிய திரி எரியும்போது வளைந்து, அதன் நுனி சுடரின் வெளிப்புறத்திற்கு வந்து சாம்பலாகிவிடும். இங்கிலாந்தில் மைக்கேல் பாரடே மெழுகுவர்த்தியைப் பற்றி இளைஞர்களுக்கு ஆற்றிய கிறித்துமஸ் சொற்பொழிவுகள் புகழ்பெற்றவை. 1860-61இல் ஆற்றியவை நூலாக வந்தன.

கிண்ண மெழுகுவர்த்தி

கிண்ணத்தில் ஊற்றிய மெழுகுவர்த்தி, தோற்றத்தில் மெழுகுவர்த்தியானாலும் இயக்கத்தில் ஒரு விளக்கு. ஏற்றிய சில மணி நேரத்தில் மேற்பரப்பு முழுவதும் உருகிக் குளமாகிவிடும். கடைசியில் அடிவரை உருகும். அப்போது திரியைத் தாங்கக் கெட்டி மெழுகு இருக்காது. பழைய விளக்கின் சிக்கலே இங்கும் திரும்ப வருகிறது.

இதற்குத் தீர்வு, திரியின் அடியில் பொருத்தப்படும் வட்டமான சிறு உலோகத் தகடு. அதன் நடுவிலுள்ள கழுத்தில் திரியைச் செருகி நெரித்துவிடுவர். வீட்டில் செய்பவர்கள் பின்பற்றும் முறை வருமாறு:

1. திரியை உருகிய மெழுகில் தோய்த்து, நேராக இழுத்துப் பிடித்து உலர்த்த வேண்டும். இதனால் திரி விறைப்பாகும். மெழுகும் எளிதில் ஏறும்.
2. கிண்ணத்தின் அடியை ஈரமின்றித் துடைத்து, தகட்டைச் சரியாக நடுவில் பசையால் ஒட்ட வேண்டும். ஒரு சொட்டு மெழுகால் ஒட்டினால், அடிவரை உருகும்போது பிடி விட்டுவிடும்.
3. கிண்ணத்தின் வாயில் இரண்டு குச்சிகளைக் குறுக்கே வைத்து, அவற்றின் இடையே திரியின் மேல்முனையைப் பிடித்து நிறுத்த வேண்டும். துணி உலர்த்தும் கிளிப்பும் போதும்.
4. மெழுகை மெல்ல ஊற்றி, முழுவதும் இறுகும்வரை அசைக்கக் கூடாது. இறுகும்போது திரியைச் சுற்றிக் குழி விழுந்தால் மீண்டும் சிறிது ஊற்றி நிரப்பலாம்.
5. திரியை சுமார் 6 மில்லிமீட்டர் விட்டுக் கத்தரித்த பிறகே ஏற்ற வேண்டும்.

பாதுகாப்பு

அகலில் சுடர் விளிம்பில் நின்றாலும் மண்ணும் பித்தளையும் அதைத் தாங்கும். கண்ணாடி அப்படியன்று. திரி ஒரு பக்கம் சாய்ந்தால் அப்பக்கம் மட்டும் சூடேறிக் கிண்ணம் வெடிக்கக்கூடும். தகட்டின் கழுத்துக்கும் இதில் பங்கு உண்டு. மெழுகு கழுத்தின் உயரத்திற்குக் குறைந்ததும், மெழுகு ஏறாமல் சுடர் தானே அணையும். ஆயினும் அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு இருக்கும்போதே அணைத்துவிடுவது நல்லது.

திரியை விறைப்பாக நிறுத்த உள்ளே ஈயக் கம்பி வைக்கும் வழக்கமும் இருந்தது. எரியும்போது ஈயம் காற்றில் கலப்பதால், அமெரிக்காவில் 2003இல் அது தடை செய்யப்பட்டது.

இன்று

கார்த்திகை தீபத்தின்போது எண்ணெய் அகல்களுடன் மெழுகு ஊற்றிய அகல்களும் கடைகளில் விற்கப்படுகின்றன. அவற்றில் திரி மூக்கில் கிடப்பதில்லை. நடுவில் தகட்டின்மேல் நிற்கிறது. குயவர் கிள்ளிய மூக்கு அங்கு வெறும் அழகாகிவிட்டது. கோயில் விளக்குகளில் அது இன்றும் தன் வேலையைச் செய்கிறது. திரியைத் தூண்டிவிட ஒரு கையும் இன்றும் தேவைப்படுகிறது.