பெர்லின் சுவர் நினைவு நாட்கள்

பெர்லின் நகரை 28 ஆண்டுகள் இரண்டாகப் பிளந்து நின்ற எல்லைச் சுவரின் நினைவாக ஆண்டுதோறும் இரு நாட்கள் கடைப்பிடிக்கப்படுகின்றன. ஒன்று, சுவர் எழுந்த ஆகஸ்டு 13 (1961). மற்றொன்று, அது திறந்த நவம்பர் 9 (1989). முதல் நாளில், சுவரால் உயிரிழந்தோருக்கு அஞ்சலி செலுத்தப்படுகிறது. இரண்டாம் நாளில் விடுதலை கொண்டாடப்படுகிறது.

சுவர் எழுந்த சூழல்

இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியையும் அதன் தலைநகரையும் சோவியத் ஒன்றியம், அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய நான்கு நாடுகளும் பங்கிட்டுக்கொண்டன. 1949-இல் மேற்கே ஜெர்மன் கூட்டாட்சிக் குடியரசும் கிழக்கே ஜெர்மன் ஜனநாயகக் குடியரசும் உருவாயின. மேற்கு பெர்லின், கிழக்கு ஜெர்மனியின் நிலப்பரப்பு நடுவே தனித்து நின்றது. 1952-இல் இரு ஜெர்மனிகளுக்கும் இடையிலான எல்லை அடைக்கப்பட்ட பிறகு, கிழக்கிலிருந்து வெளியேற விரும்பியவர்களுக்கு பெர்லின் ஒன்றே எளிய வழியாக எஞ்சியது. 1949 முதல் 1961 வரை சுமார் 27 லட்சம் பேர் கிழக்கு ஜெர்மனியை விட்டு வெளியேறினர். அவர்களுள் மருத்துவர்களும் பொறியாளர்களும் இளந்தொழிலாளர்களும் மிகுதி. இந்த வெளியேற்றத்தை நிறுத்தவே சுவர் கட்டப்பட்டது.

1961 ஜூன் 15 அன்று செய்தியாளர்களைச் சந்தித்த கிழக்கு ஜெர்மனியின் தலைவர் வால்டர் உல்பிரிக்ட், சுவர் எழுப்பும் எண்ணம் யாருக்கும் இல்லை என்றார். இரண்டு மாதங்கள் முடிவதற்குள், ஆகஸ்டு 12 சனிக்கிழமை நள்ளிரவுக்குப் பின், முள்கம்பிச் சுருள்கள் நகரின் குறுக்கே விரிக்கப்பட்டன. இந்நடவடிக்கையை முன்னின்று நடத்தியவர் எரிக் ஹோனெக்கர். ஞாயிறு காலை விழித்தெழுந்த மக்கள் உறவினர் வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் செல்ல முடியாமல் திகைத்தனர். சில நாட்களில் முள்கம்பி இருந்த இடத்தில் கற்சுவர் எழுந்தது. பின்னாளில் அது 3.6 மீட்டர் உயரக் கான்கிரீட் சுவராகவும், காவல் கோபுரங்களும் மின்விளக்குகளும் கொண்ட மரணப் பட்டையாகவும் விரிந்தது. மேற்கு பெர்லினைச் சூழ்ந்த எல்லையின் நீளம் ஏறத்தாழ 155 கி.மீ. அதில் 43 கி.மீ. நகரின் இரு பாதிகளுக்கும் இடையே ஓடியது.

உயிரிழந்தோர்

பெர்னவர் தெருவில் வீடுகள் கிழக்கிலும், அவற்றின் வாசலை ஒட்டிய நடைபாதை மேற்கிலும் அமைந்திருந்தன. வாசல்கள் அடைக்கப்பட்டதும் மக்கள் மாடிச் சன்னல்களிலிருந்து குதித்தனர். 1961 ஆகஸ்டு 22 அன்று அவ்வாறு குதித்து இறந்த இடா சீக்மன், சுவரின் முதல் பலி. இரண்டு நாட்களுக்குப் பின் குந்தர் லிட்ஃபின் சுட்டுக் கொல்லப்பட்டார். 1962 ஆகஸ்டு 17 அன்று 18 வயது பீட்டர் ஃபெக்டர் சுடப்பட்டு, சுவரின் அடியில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் குருதி வடியக் கிடந்து இறந்தார். இரு தரப்பிலிருந்தும் அவருக்கு உதவி எட்டவில்லை. 1989 பிப்ரவரியில் சுடப்பட்ட கிறிஸ் குவெஃப்ராய், துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான கடைசி மனிதர்.

வரலாற்று ஆய்வின்படி பெர்லின் சுவரில் உயிரிழந்தோர் குறைந்தது 140 பேர். அவர்களுள் 101 பேர் தப்ப முயன்றவர்கள். 30 பேர் தப்பும் நோக்கமின்றி எல்லைக்கு வந்து அகப்பட்டவர்கள். எஞ்சிய ஒன்பது பேரில் எட்டுப் பேர் கிழக்கு ஜெர்மன் எல்லைக் காவலர். ஒருவர் சோவியத் வீரர்.

பிரிவினைக் காலத்து நினைவுகூரல்

சுவர் நின்ற காலத்தில் ஆகஸ்டு 13-க்கு இரு பக்கங்களிலும் நேர்மாறான பொருள் இருந்தது. மேற்கு பெர்லினில் அது துயர நாள். இறந்தோர் விழுந்த இடங்களில் மக்கள் மரச்சிலுவைகளை நட்டு மலர்வளையம் வைத்தனர். ஆண்டுதோறும் அங்கு அஞ்சலிக் கூட்டங்கள் நடந்தன.

கிழக்கு அரசு இச்சுவரை பாசிச எதிர்ப்புப் பாதுகாப்பு அரண் என்று அழைத்தது. 1971-இல் பத்தாம் ஆண்டுக்கும் 1986-இல் இருபத்தைந்தாம் ஆண்டுக்கும் அஞ்சல்தலைகள் வெளியிட்டது. 1986 ஆகஸ்டு 13 அன்று கார்ல் மார்க்ஸ் சாலையில் தொழிலாளர் படைப்பிரிவுகளின் அணிவகுப்பு நடந்தது. ஹோனெக்கர் அதில் உரையாற்றினார்.

பணியில் இறந்த எல்லைக் காவலர்கள் மாவீரர்களாகப் போற்றப்பட்டனர். இவர்களுள் மிகவும் அறியப்பட்டவர் ஈகோன் ஷுல்ட்ஸ். 1964 அக்டோபரில், சுரங்கவழி தோண்டி மக்களைத் தப்புவித்தவர்களுடன் நிகழ்ந்த மோதலில் அவர் உயிரிழந்தார். தப்புவித்தவர்களே அவரைக் கொன்றதாக அரசு அறிவித்தது. ஒரு தெருவுக்கும் பல பள்ளிகளுக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது. அவர் உயிரைப் பறித்தது சக வீரரின் குண்டு என்பதை ரகசியக் காவல்துறை மறைத்துவிட்டது. ஜெர்மனி இணைந்த பிறகே அவ்வுண்மை வெளிவந்தது.

நவம்பர் 9

1989 நவம்பர் 9 மாலை, மக்கள் மேற்கே செல்ல அனுமதிக்கும் புதிய பயண விதிகள் உடனே நடைமுறைக்கு வருவதாக கிழக்கு ஜெர்மன் ஆளுங்கட்சிப் பேச்சாளர் குந்தர் ஷபோவ்ஸ்கி செய்தியாளர்களிடம் கூறினார். மக்கள் எல்லைச் சாவடிகளில் திரண்டனர். போர்ன்ஹோல்மர் தெருச் சாவடி அன்றிரவு முதலில் திறந்தது. மகிழ்ச்சிக்குரிய அந்நாள் தேசிய விடுமுறை ஆகவில்லை. 1938-இல் யூதர்கள் மீதான கொடிய வன்முறை உச்சம் பெற்றதும் அதே தேதியில்தான். அதனால் இரு ஜெர்மனிகளும் சட்டப்படி இணைந்த அக்டோபர் 3 (1990) தேசிய நாளாக ஏற்கப்பட்டது.

20-ஆம் ஆண்டில் (2009) சுவர் நின்ற தடத்தில் ஆயிரம் பெரிய டோமினோ பலகைகள் வரிசையாக நிறுத்தப்பட்டன. போலந்தின் முன்னாள் தொழிற்சங்கத் தலைவர் லேக் வலேசா முதல் பலகையைத் தள்ள, மற்றவை அடுத்தடுத்துச் சாய்ந்தன. கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளர் போராட்டமே சுவரை முதலில் அசைத்தது என்பதற்கு அது உரிய மரியாதை. 25-ஆம் ஆண்டில் (2014) சுமார் 15 கி.மீ. நீளத்துக்கு ஒளியூட்டப்பட்ட பலூன்கள் வைக்கப்பட்டு, நவம்பர் 9 இரவு வானில் விடப்பட்டன.

நினைவிடம்

நினைவுகூரலின் மையம் பெர்னவர் தெரு. மரணப் பட்டைக்குள் அகப்பட்டுப் பூட்டிக்கிடந்த நல்லிணக்கத் தேவாலயத்தை கிழக்கு அரசு 1985 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்த்தது. அதன் அடித்தளத்தின் மேல் மண்சுவரால் எழுப்பப்பட்ட சிற்றாலயம் 2000 நவம்பர் 9 அன்று அர்ப்பணிக்கப்பட்டது. உயிரிழந்தோரின் வாழ்க்கைக் குறிப்புகள் அங்கு வழிபாட்டில் வாசிக்கப்படுகின்றன.

அதே தெருவில் அரசு நினைவுச்சின்னம் 1998 ஆகஸ்டு 13 அன்று திறக்கப்பட்டது. நினைவிடத்தை 2008-இல் நிறுவப்பட்ட பெர்லின் சுவர் அறக்கட்டளை நிர்வகிக்கிறது. இறந்தோரின் புகைப்படங்கள் பதித்த நினைவுச் சாளரம் 2010 முதல் அங்கு உள்ளது. சுவர் எழுந்த 50-ஆம் ஆண்டில் (2011) குடியரசுத் தலைவர் கிறிஸ்டியான் வுல்ஃப், சான்சலர் அங்கேலா மெர்க்கல் முதலியோர் இத்தெருவில் அஞ்சலி செலுத்தினர். அன்று நண்பகலில் நகரெங்கும் ஒரு நிமிட மௌனம் கடைப்பிடிக்கப்பட்டது.

இன்றைய நிலை

சுவரின் பெரும்பகுதி 1990-இல் அகற்றப்பட்டது. நகரின் மையப் பகுதிகளில் அதன் தடத்தை இரட்டைக் கல்வரிசை காட்டுகிறது. ஓவியங்கள் தீட்டிய 1.3 கி.மீ. பகுதி ஸ்ப்ரீ ஆற்றங்கரையில் பாதுகாக்கப்படுகிறது. 2018 பிப்ரவரி 5 அன்று, சுவர் நின்ற நாட்களும் அது வீழ்ந்தபின் கழிந்த நாட்களும் சமமாயின. சுவரைக் காணாத தலைமுறைக்கு அதன் வரலாற்றைக் கற்பிப்பது நினைவிடங்களின் முதன்மைப் பணியாகியுள்ளது.