பரோலோ சீமாட்டியும் பரோலோ இரசமும்

இத்தாலி நாட்டின் வடமேற்கில், ஆல்ப்ஸ் மலைத்தொடர் அரண்போல் சூழ்ந்து நிற்கும் பியெட்மாண்ட் மாநிலத்தில், ஆல்பா என்னும் சிறு நகரை அடுத்து லங்கே குன்றுகள் அலையலையாக விரிந்து கிடக்கின்றன. அக்குன்றுகளில் பதினொரு ஊர்களின் எல்லைக்குள் விளையும் நெப்பியோலோ என்னும் ஒரே வகைத் திராட்சையினின்று வடிக்கப்படுவதே பரோலோ எனும் சிவப்புத் திராட்சை இரசம். இரசங்களுக்கு அரசன் என்றும், அரசர்களுக்கு உரிய இரசம் என்றும் இத்தாலியர் இதனைப் பெருமையோடு அழைப்பர்.

மதுவினால் எத்தனை குடும்பங்கள் சிதைந்து போகின்றன என்பதைப் பங்குப் பணியில் நாள்தோறும் காணும் நாம், ஒரு மதுவின் வரலாற்றை எழுத முன்வருவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் இந்த இரசத்தின் வரலாற்றைத் தொட்டால் ஒரு பெண்மணியின் வரலாற்றையும் தொட்டே ஆக வேண்டும். அவர் 2015-ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களால் 'வணக்கத்துக்குரியவர்' என அறிவிக்கப்பட்டவர். அவருக்காகவே எழுதுகிறோம்.

முதலில் திராட்சையைப் பற்றிச் சில சொற்கள். இத்தாலிய மொழியில் 'நெபியா' என்றால் மூடுபனி. இலையுதிர்காலப் பனி குன்றுகளை மூடும் அக்டோபர் மாதத்தில் அறுவடையாவதால் நெப்பியோலோ என்னும் பெயர் வந்தது என்பர் பலர். பதின்மூன்றாம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே இப்பெயர் காணப்படுகிறது. முந்தித் துளிர்த்துப் பிந்திப் பழுக்கும் இக்கொடி, பயிரிடுவோனின் பொறுமையைச் சோதிப்பது. பிந்திப் பழுப்பதனாலேயே ஒரு தொல்லையும் உண்டாயிற்று. பழம் பிழிந்து சாறு நொதிக்கும் வேளையில் குளிர் வந்துவிடும். நொதித்தல் பாதியில் நின்றுவிடும். சர்க்கரை முழுவதும் கரையாமல் இரசம் சற்று இனிப்பாகவே தங்கிவிடும். 1787-இல் தூரின் நகருக்கு வந்த அமெரிக்கர் தாமஸ் ஜெஃபர்சன், தாம் சுவைத்த நெப்பியோலோ இரசத்தில் இனிப்பும் துவர்ப்பும் நுரைத்தெழும் துடிப்பும் ஒருசேர இருந்ததாகக் குறித்து வைத்திருக்கிறார். அத்தகைய இரசம் நெடுநாள் நிற்காது. தொலைவழி செல்லவும் தாங்காது.

இந்நிலை மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில். மாற்றியவர் யார் என்பதில்தான் வழக்கு. பரோலோ கோட்டையின் சீமாட்டியான ஜூலியா, பிரெஞ்சு நாட்டு வணிகர் லூயி ஊதார் என்பவரை வரவழைத்து, சர்க்கரை முற்றும் நொதித்துத் தீரும் முறையைப் புகுத்தினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அண்மைக்கால ஆய்வாளர் சிலர் இதனை மறுக்கின்றனர். 1835-இல் இரசம் தயாரிக்கும் முறை பற்றி நூல் வெளியிட்ட தளபதி பவுலோ பிரான்செஸ்கோ ஸ்தாலியேனோ, அக்காலத்தில் கிரின்ஸானே ஊரில் பண்ணை நடத்திய கவூர் பிரபுவின் நிலவறையில் இதனைச் செய்துகாட்டினார் என்பது அவர்கள் வாதம். நூலும் ஆண்டும் சான்றாக நிற்பதால், இந்த வாதமே வலுவானதென நமக்குத் தோன்றுகிறது. (இந்தக் கவூரே பின்னர் அமைச்சராகி, 1855-இல் பியெட்மாண்டின் பல துறவற இல்லங்களைக் கலைத்த சட்டத்திற்கும் காரணமானவர். நல்ல இரசம் வடித்தவர் என்பதற்காக அதனை நாம் மறந்துவிட முடியாது.) சீமாட்டி ஜூலியாவுக்கு இந்த மகுடம் தேவையும் இல்லை. அவருடைய மகுடம் வேறிடத்தில் இருக்கிறது.

பிரெஞ்சு அரசன் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பெர் பிறந்த குலத்தில் தோன்றியவர் ஜூலியா. பிரெஞ்சுப் புரட்சியின் கொலைக்கருவி அவருடைய உறவினர் சிலரின் உயிரைக் குடித்தது. 1806-இல் பியெட்மாண்டின் பெருஞ்செல்வர் கார்லோ தங்கிரெதி ஃபலெத்தியை மணந்தார். பின்னாளில் தூரின் நகர மேயராகவும் பணியாற்றியவர் அவர். 2018-இல் அவரும் வணக்கத்துக்குரியவர் என அறிவிக்கப்பட்டார். இத்தம்பதியர்க்குப் பிள்ளைப்பேறு இல்லை.

1814-ஆம் ஆண்டு பாஸ்கா காலத்தில், சாகக்கிடப்போர்க்கு நற்கருணை கொண்டுசெல்லும் பவனி தூரின் சிறைச்சாலை ஒன்றைக் கடந்து சென்றதாம். அப்போது உள்ளிருந்து ஒரு குரல், தனக்கு வேண்டியது நற்கருணை அன்று, கஞ்சியே என்று கூவியதாம். அதைக் கேட்ட சீமாட்டி பவனியை விட்டுச் சிறைக்குள் நுழைந்தார் என்பர். இக்குரலைத் தெய்வநிந்தை என்று ஒதுக்கிப் போயிருக்கலாம். உடன் நடந்தோர் பலர் அப்படித்தான் எண்ணியிருப்பர். அவரோ ஆண்டுக்கணக்காகச் சிறைக்குச் சென்றார். பெண் கைதிகளுக்கு எழுத்தும் தொழிலும் கற்பித்தார்; 1821-இல் பெண்கள் சிறையின் கண்காணிப்பாளராகவே அமர்த்தப்பட்டார். விடுதலையானோர் தங்குவதற்கு வல்தோக்கோ பகுதியில் இல்லம் அமைத்தார். 1834-இல் கணவரோடு சேர்ந்து புனித அன்னாள் சகோதரிகள் சபையை நிறுவினார். (நம் திருச்சியில் தோன்றிய புனித அன்னாள் சபை வேறு.) ஆஸ்திரியர் சிறையில் பத்தாண்டு வாடித் தம் சிறைவாழ்வை நூலாக எழுதிய சில்வியோ பெல்லிக்கோவைச் செயலாளராக ஏற்றுப் புகலிடம் அளித்தவரும் இவரே.

சலேசிய சபையாரின் பள்ளிகளில் பயின்ற நம் வாசகர்க்கு இன்னொரு செய்தி சுவையாக இருக்கும். இளங்குருவாக இருந்த தொன் போஸ்கோ, 1844-இல் இச்சீமாட்டியின் இல்லத்தில்தான் ஆன்ம குருவாகப் பணியேற்றார். அவ்வாண்டு டிசம்பர் 8-ஆம் நாள் அவருடைய சிறுவர் மன்றத்துக்கு முதல் சிற்றாலயம் அமைந்ததும் சீமாட்டி அளித்த அறைகளிலேயே. ஆனால் நூற்றுக்கணக்கான சிறுவர்கள் போட்ட கூச்சல், நோயுற்ற சிறுமியருக்காக எழுந்துகொண்டிருந்த மருத்துவமனைக்கு ஒத்துவரவில்லை. சிறுவரா, இங்குள்ள பணியா என்று 1846-இல் சீமாட்டி கேட்டார். தொன் போஸ்கோ சிறுவரைத் தேர்ந்துகொண்டார். இருவருமே தம்மளவில் சரியாகவே நடந்தனர் என்பது நம் கருத்து. தொன் போஸ்கோவின் வரலாற்றை எழுதுவோர் சீமாட்டியைச் சற்றே கடுமையாகத் தீட்டிவிடுவது நியாயமாகப் படவில்லை.

இரசத்திற்கு வருவோம். அரசர் கார்லோ ஆல்பெர்த்தோ ஒருமுறை சீமாட்டியிடம், தாங்கள் புகழும் இரசத்தை நாம் எப்போது சுவைப்பது என்று வினவினாராம். சில நாளில் அரண்மனை வாயிலில் 325 வண்டிகள் வந்து நின்றனவாம். வண்டிக்கு ஒரு பீப்பாய், நாளைக்கு ஒரு வண்டி. ஆண்டின் 365 நாளில் தவக்காலத்து நாற்பது நாளை மட்டும் சீமாட்டி கழித்துவிட்டாராம்! கதையாகவே இருக்கட்டும். அரசனுக்கும் தவக்காலம் உண்டென்று நினைவூட்டிய அந்தக் கணக்கு நமக்குப் பிடித்திருக்கிறது.

சர்க்கரை முற்றிலும் நொதித்துத் தீர்ந்தபின் ஒரு புதிய சிக்கல் எழுந்தது. அதுவரை இனிப்பு மறைத்து வைத்திருந்த துவர்ப்பு வெளிப்பட்டுவிட்டது. திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்னும் பொருளே அத்துவர்ப்பு. கடுக்காயிலும் பாக்கிலும் கடுந்தேநீரிலும் நாம் அறிவது இதனைத்தான். நெப்பியோலோவில் டானினும் மிகுதி, புளிப்பும் மிகுதி. இளம் பரோலோவை வாயிலிட்டால் ஈறும் நாவும் இறுகும். உரோமையில் பயின்ற நாள்களில் நாம் ஒருமுறை சுவைத்தது அத்தகைய இளைய இரசம். இதற்கா இவ்வளவு பேர் என்று தோன்றியது உண்மை. ஆனால் அந்தத் துவர்ப்பே அதனைக் காக்கும் கவசம். ஆண்டுகள் செல்லச் செல்ல டானின் துகள்கள் ஒன்றோடொன்றும் நிறப்பொருளோடும் பிணைந்து பெருத்து, வண்டலாக அடியில் படிகின்றன. இரசம் மென்மையாகிறது. செந்நிறம் மங்கி, ஓரத்தில் செங்கல் நிறம் படர்கிறது. இளமையில் ரோசாவும் பழமும் மணந்தது, முதுமையில் தாரும் அதிமதுரமும் உலர்ந்த மலரும் காளானும் கலந்து மணக்கும். நல்ல ஆண்டின் பரோலோ இருபது, முப்பது ஆண்டுகளும் தாங்கும். எல்லாப் புட்டியும் அப்படியன்று. மெலிந்த இரசம் வெறுமனே கிழடாகிவிடும்.

இதனாலேயே சட்டமும் காத்திருக்கச் சொல்கிறது. 1966-இல் பிறப்பிடப் பெயருரிமையும், 1980-இல் அதனினும் உயர்ந்த உத்தரவாதத் தகுதியும் பெற்ற பரோலோ, இன்றைய விதிப்படி 38 மாதம் முதிர்ந்த பின்னரே விற்பனைக்கு வரலாம். அதில் 18 மாதமாவது மரப்பீப்பாயில் இருக்க வேண்டும். 'ரிசர்வா' என்னும் சிறப்பு வகைக்கு 62 மாதம். பழைய புட்டியை ஒருநாள் நிமிர்த்தி வைத்து, வண்டல் கலங்காமல் வேறு கலத்தில் மெல்ல ஊற்றி, பதினாறு முதல் பதினெட்டுப் பாகை வெப்பத்தில் அகன்ற கிண்ணத்தில் பரிமாறுவர். ஒரு கிண்ணத்தை உணவோடு ஒருமணி நேரம் வைத்துச் சுவைப்பது அவர்கள் மரபு.

காத்திருக்க மனமில்லாதவர்களும் தோன்றினர். 1980-களில் இளைய தலைமுறையினர், தோலோடு ஊறவைக்கும் நாள்களை வாரக்கணக்கினின்று சில நாள்களாகக் குறைத்து, 225 லிட்டர் கொள்ளும் புதிய சிறு பீப்பாய்களைப் பிரான்சிலிருந்து கொணர்ந்தனர். எலியோ அல்தாரே என்பவர் தந்தையின் பழம்பெரும் பீப்பாய்களை இயந்திர வாளால் அறுத்தெறிந்தார். தந்தை அவருக்குச் சொத்துரிமையை மறுத்துவிட்டார். மறுபுறம் 2005-இல் மறைந்த பார்த்தோலோ மஸ்கரெல்லோ, சிறு பீப்பாயைச் சாடும் வாசகங்களைப் புட்டியின் முகப்பிலேயே தம் கையால் எழுதி விற்றார். நம் நெஞ்சம் மஸ்கரெல்லோவின் பக்கமே சாய்கிறது. ஆயினும் அல்தாரே தலைமுறையினர் கண்டது பட்டினியை. இரசம் விலைபோகாமல் இளைஞர்கள் ஆலை வேலை தேடிக் குன்றுகளைவிட்டு வெளியேறிய காலத்தை அவர்கள் அறிவர்.

பேராசை இன்னொரு வடிவிலும் வந்தது. 1986-இல், பரோலோவுக்குத் தொலைவில்லாத நர்ஸோலே ஊர் வணிகர், மலிவான இரசத்தின் வலுவைக் கூட்ட மெத்தனால் கலந்ததில் பலர் மாண்டனர், சிலர் பார்வையிழந்தனர். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட நஞ்சும் இதே மெத்தனால்தான். அந்த 1986-க்குப் பின்னரே இத்தாலியில் கண்காணிப்பு இறுகியது.

சீமாட்டி ஜூலியா 1864 சனவரி 19-ஆம் நாள் இறந்தார். அவருடைய விருப்பாவணப்படி உடைமைகள் அறநிலையம் ஒன்றுக்குச் சென்றன. அது தூரினில் இன்றும் இயங்குகிறது. பரோலோ நிலவறைகளை 1929-இல் பியெத்ரோ அபோனா என்பவர் வாங்கினார். கோட்டையை 1970-இல் ஊராட்சி வாங்கி, 2010-இல் அங்கே இரசக் காட்சியகம் திறந்தது. பெல்லிக்கோ பேணிய நூலகம் அக்கோட்டைக்குள் இருக்கிறது. 2014-இல் லங்கே குன்றுகள் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. சீமாட்டியின் அன்னாள் சகோதரிகளோ, அவர் மறைந்த ஏழாம் ஆண்டிலேயே, 1871-இல், இந்தியா வந்து சிகந்தராபாத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிவிட்டனர்.